கனமில்லாத இஸ்திரிப் பெட்டி

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிடாவிட்டாலும் தெம்பாகத்தான் இருப்பாய், தூங்காவிட்டாலும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் நாங்களும் இங்கே சுகம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி போட்டுவிடுவேன். இந்தத் தடவை அந்த வரி வர மாட்டேன் என்கிறது. பயப்படாதே, யாருக்கும் காய்ச்சல் இல்லை, யாரும் விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்ளவில்லை, நான் விழுந்தேன், ஆனால் அடியில்லை, அதை அப்புறம் சொல்கிறேன். கொஞ்ச நாளாக எனக்கு ஒரு அதிர்ச்சி ஆறுவதற்குள் இன்னொரு அதிர்ச்சி. கோணல் மாணலாக எழுத்து ஓடினால் பொறுத்துப் படி. தையல் கடையில் கட்டிங் மேஜை மேல் வைத்து எழுதுகிறேன், வீட்டில் எழுத முடியாது. அம்மாவுக்குக் கண் போய்விட்டதே தவிர காது கூர்மையாகிவிட்டது, காகிதத்தில் பேனா உரசினாலே யாருக்கு, என்ன விஷயம் என்று விசாரணை ஆரம்பித்துவிடுவாள். போனில் சொல்லலாம் என்றால் நீ ஷூட்டிங்கில் இருக்கிற இடத்தில் சிக்னல் மருந்துக்கும் இல்லை. உங்கள் கம்பெனி ஆபீசில் ஒருவர், சாமான் ஏற்றிக்கொண்டு தினமும் வண்டி போகிறது, கடிதம் கொடுத்தால் கையில் சேர்த்துவிடுவோம் என்றார். அவர் வாக்கை நம்பி அனுப்புகிறேன்.

முதலில் சில்லறைச் சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு மறந்துபோகும். கடையில் பெரிய மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று, இப்போது குழந்தை மாதிரி ஓடுகிறது. பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் இன்னமும் உன் பொண்ணு எந்தப் படத்துல நடிக்குதுன்னு கேட்டு உயிரை வாங்குகிறார். நடிக்கலைய்யா, நடிக்கிறவங்க உட்கார்ற நாற்காலி, குடிக்கிற டம்ளர், சாய்ற சுவர், இதையெல்லாம் அவதான் செய்யுறா என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன், ஓஹோ அப்ப தச்சு வேலையா என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு போகிறார். உன் மாமா பல்செட் கட்டிக்கொண்டார். சிரித்தால் சினிமா வில்லன் மாதிரி இருக்கிறது, அம்மாவுக்குக் கண் தெரியாது என்பதால் தினமும் இங்கே வந்து அவளிடம் மட்டும் தைரியமாகச் சிரித்துவிட்டுப் போகிறார். அம்மாவின் தம்பி இல்லையா, அக்காவைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது. பின்பக்கக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போன தடவை லீவுக்கு வந்து போனபின் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போனாள். எப்படி என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியுமே, கண் பார்வை மங்கி வெறும் வெளிச்சமும் நிழலுமாக ஆன பிறகும் இந்த வீட்டை அவள் விரல் நுனியில் வைத்திருந்தாள். உப்பு டப்பா எங்கே, ஊசி எங்கே, என் மூக்குக் கண்ணாடி எங்கே என்று கண் இருக்கிற நான்தான் அவளைக் கேட்பேன். அத்தனை வருஷம் என்னோடு முன்னறையில் உட்கார்ந்து பித்தான் துளைக்குக் காஜா எடுத்த கை, அந்தக் கைக்கு இன்னொரு கண் இருக்கிறது என்று நானே எத்தனையோ பேரிடம் பீற்றியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு வேலையைச் செய்துவிட்டு மறுபடி வந்து தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். பின்கதவை நான்தானே திறந்துவைத்தேன் என்று கேட்பாள். கேட்டுவிட்டு, சரி சரி சும்மா கேட்டேன் என்று பேச்சை மாற்றுவாள். ஒரு நாள் கடிகாரம் ஏன் இப்படி அவசரப்படுது என்று கேட்டாள். எனக்கு மெஷின் சத்தத்தில் காது பாதி போயாயிற்று, கடிகாரம் அதுபாட்டுக்கு ஓடுது, உனக்குத்தான் அவசரம் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் முழங்கால் வலி, அடுப்படியில் நிற்க முடியவில்லை, நீங்களே சமைத்துவிடுங்கள் என்றாள். நானும் நம்பினேன். என் சமையலைச் சாப்பிட்டு ஒரு வார்த்தை குறை சொல்லாமல் எழுந்து போனபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை நான் கடைக்குக் கிளம்பும்போது, உட்காருங்க, ஒரு சமாசாரம் பேசணும் என்றாள். உட்கார்ந்தேன். ஜன்னலோர நாற்காலியில் கையிரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, யாரோ அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள், எனக்குப் புத்தி பேதலிக்குதுங்க, பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, பொண்ணுக்கு மட்டும் சொல்லக் கூடாது, அவ இப்பத்தான் ஒரு வேலைல கால் ஊன்றியிருக்கா என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் அப்படிச் சொல்றே என்றேன். பின்கதவு அடித்துக்கொள்ளாமல் இஸ்திரிப் பெட்டியைக் கதவடியில் முட்டுக் கொடுத்துவைக்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துப் போனால் கதவு சாத்திக் கிடக்கிறது, பெட்டி கூடத்துக்கு நடுவில் கிடக்கிறது, நான் வைத்தேனா, வைத்ததாக நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை என்றாள். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தால் திருகுவது தெரியவே இல்லை, சாவி காற்றில் சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்றாள். கத்தரிக்கோல் நூலைக்கூட வெட்டவில்லை, விரலில் தெம்பு போய்விட்டது என்றாள். கடைசியாகச் சொன்னதைக் கேள். இரும்பைத் தொட்டா சில்லுன்னு இல்லைங்க, எனக்குக் கையும் செத்துட்டு வருது, தலையும் செத்துட்டு வருது, ஒரு நாள் அடுப்பை எரியவிட்டு மறந்துட்டா உங்களையும் சேர்த்துக் கொளுத்திடுவேன், அதான் அடுப்பாண்டை போறதை நிறுத்திட்டேன் என்றாள். முழங்கால் வலியெல்லாம் பொய். எத்தனை நாளாக இதை மனசில் அடக்கிவைத்துக்கொண்டு என் உப்பில்லாத சமையலைச் சாப்பிட்டாளோ தெரியவில்லை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அன்று முழுதும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, தையற்காரன் பிழைப்பு எப்படி ஆகிவிட்டது பார்.

டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த மாதம், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் அம்மா டக் டக் என்று பதில் சொன்னாள், பிள்ளை ஒண்ணுதான் டாக்டர், ஆனா பத்துப் பிள்ளை பண்ற வேலையைப் பண்ணும் என்றுகூடச் சொன்னாள். பிறகு உள்ளங்கையில் ஊசி நுனியால் லேசாகக் குத்தித் தெரியுதா என்று கேட்டார், தெரியுது என்றாள். அப்ப என்னதான் பிரச்சினை என்றதும், சாமானெல்லாம் கனமில்லாம போச்சு டாக்டர், கதவு தானா சாத்திக்குது, கடிகாரம் மாறிப் பேசுது என்று இவள் சொல்ல, அவர் பேனாவை எடுத்தார், அதுவரை எழுதாமல் இருந்தவர் நிறைய எழுதினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆரம்பமாக இருக்கலாம், இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், தலையைப் படம் எடுத்துக்கொண்டு மறுபடி வாங்க, தனியா விடாதீங்க என்றார். தனியா விடாதீங்க என்ற அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உலகமே சுற்றியது. மாத்திரை போட்டால் அவளுக்குப் பகலெல்லாம் தூக்கம். வீட்டில் பேச்சு இல்லை, பாட்டு இல்லை, என்னைத் திட்டுவதுகூட இல்லை. மாமா வந்தால் பல்லைக் காட்டாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அப்புறம்தான் அது நடந்தது. மாமா ஒரு நாள் தன் சைக்கிளைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தார், மத்தியில் இஸ்திரிப் பெட்டி கிடக்கிறது, கொஞ்சம் நகர்த்துங்க மச்சான் என்றார். அந்தப் பெட்டி என்ன கனம் என்று உனக்கே தெரியும், கரி போட்டுத் தேய்க்கிற காலத்துப் பெட்டி, என் முதுகு பிடித்துக்கொண்ட பிறகு நான் அதைக் காலால்கூடத் தொடுவதில்லை. முதுகு டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி ஒரே தம்மாகத் தூக்கினேன். பெட்டி பறந்து வந்து என் தாடையில் இடித்தது. நான் அப்படியே பின்னால் போய், ஊறவைத்த துணி வாளிக்குள் உட்கார்ந்துவிட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார், பல்செட் கழன்று கையில் வந்துவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம், வயசான காலத்தில் நமக்கு எங்கிருந்து இந்தப் பலம் வந்தது என்றுதான் தோன்றியது. பெட்டி தரையில் விழுந்தது, கணீர் என்று சத்தம் வரவில்லை, காலி டப்பா மாதிரி டொப் என்றது. ஒரு மூலை பெயர்ந்துபோய் உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி ஏதோ தெரிந்தது. மாமாவின் சிரிப்பு நின்றது. நான் ஈரத் துணியோடு தவழ்ந்து போய் அதை எடுத்துப் பார்த்தேன். மேலே துருவும் கரியும் படிந்த அதே பெட்டி, நீ சின்னப் பிள்ளையில் மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டு உண்டான அந்த நசுங்கல்கூட அதே இடத்தில், உள்ளே வெறும் ஃபோம். பேய் பிசாசு என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

பிறகு கடிகாரத்தை இறக்கினோம். பின்னால் திறந்தால் பல் சக்கரமும் இல்லை, சுருள்கம்பியும் இல்லை, ஒரு சின்ன பேட்டரி மெஷின் சிரிக்கிறது. சாவித் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் துளை. கத்தரிக்கோலைக் கடைக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்தேன், தகரத்துக்கு வெள்ளிப் பெயிண்ட். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நீ லீவுக்கு வந்து பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாய் அல்லவா, பசை நாற்றம் அடித்தது, அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டதற்கு ஆபீஸ் வேலைம்மா என்றாய். அந்த அறைக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுத்த அச்சு, பாதி காலியான பெயிண்ட் டப்பா, ரம்பத் தூள் மாதிரி ஃபோம் தூள். என் கண் முன்னாலேயே என் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போய், அதன் இடத்தில் பொய்ச் சாமானை வைத்துவிட்டு, போயிட்டு வரேன்பா என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருக்கிறாய். என் கண்ணிலே மண்ணைத் தூவிவிட்டாயே வாலு! ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த பையனிடம் இஸ்திரிப் பெட்டி என்றதும், ஆமா சார், படத்துல ஹீரோவோட அப்பா டெய்லர், மேடம் அருமையான ஒரிஜினல் பீஸ் எல்லாம் கொண்டாந்தாங்க, டைரக்டரே தூக்கிப் பார்த்துட்டு அசந்துட்டார், முதல் படத்துலயே மேடத்துக்கு நல்ல பேரு என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரார் பெருமையாகச் சொல்கிற என் மகள் என் வீட்டிலேயே கைவைத்திருக்கிறாள்.

கேட்டிருக்கலாமே என்று எழுத வந்தேன். கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா என்றால், மாட்டேன், அது வேறு விஷயம். ஏன் அந்த இடத்தைச் சும்மா விடாமல் ஒரு போலியைச் செய்துவைத்தாய் என்று யோசித்தேன், யோசித்ததும் புரிந்தது, அம்மா கை தேடும்போது அங்கே ஒன்றும் இல்லாமல் இருக்கக் கூடாது, தடுமாறிவிடுவாள் என்று நினைத்திருப்பாய். நல்ல மனசுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் தொழிலில் சண்டைக் காட்சிக்கு இப்படித்தானே செய்வீர்கள், நிஜச் சாமானுக்கு ஒரு இரட்டை, காமிராவுக்கு வித்தியாசம் தெரியாது, நடிகர் மண்டையும் உடையாது என்று நீதானே சொன்னாய். ஆனால் கண்ணு, நீ காமிராவுக்குச் செய்கிற மாதிரியே செய்திருக்கிறாய். துருவைப் பார்த்தாய், நசுங்கலைப் பார்த்தாய், கைப்பிடியில் வியர்வை பட்டுக் கறுத்த இடத்தைக்கூட விடவில்லை, என்னை நூற்றுக்கு நூறு ஏமாற்றிவிட்டாய். கண்ணால் பார்க்கிற எனக்காகச் செய்தாய், தொட்டுப் பார்க்கிற அவளுக்காகச் செய்யவில்லை. கனத்தையும் குளிர்ச்சியையும் விட்டுவிட்டாய். அவள் கை சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, இது நம்ம சாமான் இல்லை, இல்லை என்று. அவள் கையை நம்பாமல் தன் புத்தியைச் சந்தேகப்பட்டுவிட்டாள். நானும் டாக்டரும் சேர்ந்து ஆமாம் போட்டுவிட்டோம். எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை, கையில் அகப்பட்டிருந்தால் இந்த வயசிலும் இரண்டு வைத்திருப்பேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நானும் மாமாவும் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் உடைந்த மூலையை அவள் கையில் கொடுத்தேன். தடவினாள். விரலை உள்ளே விட்டாள். நகத்தால் கிள்ளி எடுத்து மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். இது என்னங்க, வாலு ரூம்ல அடிச்ச நாத்தம் என்றாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன், கடிகாரம், கத்தரிக்கோல், கட்டிலுக்கு அடியில் இருந்த அச்சு, எல்லாம். அழப்போகிறாள் என்று மாமா தண்ணீர் எடுக்க ஓடினார். அவளோ, அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா என்றாள், அத்தனை மெதுவாக. ஒண்ணும் இல்லடி, உன் பொண்ணுக்குத்தான் கொழுப்பு என்றேன். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய. பிறகு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, நசுங்கல் இருக்கா என்று. இருக்கிறது என்று விரலைக் கொண்டுபோய் வைத்தேன். அதைத் தடவித் தடவி, அப்படியே செஞ்சிருக்காளே, என் பொண்ணு அப்படியே செஞ்சிருக்காளே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பொய்ப் பெட்டியைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். செருப்புக் கடைக்காரரை வரவழைத்துத் தூக்கச் சொன்னாள், அவரும் தாடையில் இடித்துக்கொண்டார், அன்றிலிருந்து தச்சு வேலை என்று சொல்வதில்லை. மாத்திரையைக் குப்பையில் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்தாள். இத்தனை நாள் என்னத்தைப் போட்டீங்க எனக்கு, உப்புன்னு ஒண்ணு இருக்கிறது தெரியுமா உங்களுக்கு என்று என்னைத் திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டே நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்து, சாமானை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவந்து வை என்று எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று முன்தினம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தவள், சிரித்துக்கொண்டே, அந்தப் பிள்ளைக்கு எழுதுறப்போ இந்த நாற்காலியையும் மறக்காம திருப்பித் தரச் சொல்லுங்க என்றாள். எந்த நாற்காலி என்றேன். இதோ நான் உட்கார்ந்திருக்கிறேனே இது, இது நம்ம நாற்காலி இல்லையே, இடது கைப்பிடியில் என் கட்டை விரலுக்கு ஒரு பள்ளம் இருக்குமே, அது இல்லை, உட்கார்ந்தால் தரையும் கிட்டே வந்த மாதிரி இருக்கிறது, கொஞ்ச நாளாகவே தெரியும், நம்ம புத்திதான் என்று விட்டுவிட்டேன், இப்பத்தானே புரியுது என்றாள். ஆமாமா, அதுவும் அவ வேலைதான், கேட்க மறந்துட்டேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி வெளியே கேட்கிற சத்தத்துக்குக் காது கொடுக்க ஆரம்பித்தாள்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். தூக்கினால் கனக்கிறது. கத்தி முனையால் காலில் கீறினேன், மரம்தான், உள்ளேயும் மரம்தான். அடிப்பலகை ஆடுகிறதென்று நான் கோணலாக அடித்த ஆணி அப்படியே கோணலாக இருக்கிறது. இடது கைப்பிடியில் என் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன். என் விரலுக்கு அங்கே பள்ளம் தெரிகிறது. ஆனால் என் விரலை நம்பி என்ன, என் கண்ணை நம்பித்தானே இத்தனை கூத்தும். நசுங்கலைச் செய்தவள் ஆணியைச் செய்ய மாட்டாயா, ஃபோமில் செய்தவள் மரத்தில் செய்ய மாட்டாயா, பெட்டியில் விட்ட கனத்தை நாற்காலியில் விடாமல் செய்திருக்கலாம் அல்லவா? உன் சாமானை வண்டியில் ஏற்றிவிட்ட மாமாவைக் கேட்டேன், போர்வை சுற்றிப் பெரிசா ஒண்ணு இருந்துச்சு மச்சான், நாற்காலியா தெர்மாகோலான்னு நான் பிரிச்சா பார்த்தேன் என்கிறார். மறுபடி ஆபீசுக்குப் போன் போட்டேன், நாற்காலி குடோன் நிறைய இருக்கு சார், எது யாருதுன்னு மேடத்துக்குத்தான் தெரியும் என்றான் அந்தப் பையன். டாக்டர் மறுபடி வரச் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. அதெல்லாம் வேண்டாம், எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். நீ எழுதப்போகிற பதிலை வைத்துத்தான் அவள் சொன்னபடி விடுவதா, கையைக் காலைப் பிடித்துக் கூட்டிப்போவதா என்று நான் முடிவு செய்ய வேண்டும். மாமாவிடம்கூட என் பயத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

எழுதுகிற பதிலைக் கடை விலாசத்துக்கு அனுப்பு, வீட்டுக்கு வந்தால் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிவிடுவாள். நீ எடுத்த வேலையில் மேலும் மேலும் நல்ல பேர் வாங்கு, அதில் எனக்கு இப்போது துளிக்கூட சந்தேகம் இல்லை, உன் கை யார் கை என்று தெரிந்துவிட்டது. பெயிண்ட் அடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள், நெஞ்சில் இறங்கினால் போகாது. பலகைச் சுவர் நிறுத்தும்போது பின்னால் முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று நீயே ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் அடியில் போ. பட்டினி கிடக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். உன்னைத் திட்ட மாட்டேன், இனி வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள், வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனாலும் வாயைத் திறக்க மாட்டேன். உண்மையைத்தான் எழுத வேண்டும், எனக்கு ஆறுதலுக்காக எதையும் எழுதாதே. அந்த உண்மை, நாற்காலியையும் நான்தான் எடுத்தேன் அப்பா என்பதாக இருக்கட்டும்.

உன் பதிலுக்காகக் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா